பழைய தலைக்கவசம் அணியத் தகுமோ?

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டில் சிறுவரும் அறிந்த பழமொழி. அச்சிரசைக் காத்தற்பொருட்டு மோட்டார் சைக்கிளில் செல்வோர் அணியும் ஹெல்மெட் என்னும் தலைக்கவசத்தைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். தலைக்கவசம் அணிதல் வேண்டுமா என்பது எம் வினாவன்று. வேண்டும் என்பது ஐயமின்றி முடிந்த செய்தி. பல ஆண்டுகளாகப் பரணிலே கிடந்த பழைய கவசம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி அணிந்துகொள்ளலாமா, அணிந்தால் அது காக்குமா என்பதே யாம் ஆராயப் புகுந்தது.

இவ்வினா எமக்கு எழுந்த வகையை முதற்கண் கூறுவோம். சென்ற ஆண்டின் முற்பருவத்தில் எம் வகுப்பு மாணாக்கர் ஒருவர் பௌதிக ஆய்வுக்கூடத்திற்குத் தலைக்கவசம் ஒன்றை ஏந்தி வந்தார். அவருடைய தமையனார் வெளியூரில் உத்தியோகம் ஏற்றுச் சென்றமையால் அவருடைய மோட்டார் சைக்கிள் இவர் கைக்கு வந்தது; அதனோடு, பரணில் கிடந்த கவசத்தையும் தந்தையார் இறக்கித் துடைத்துக் கொடுத்தனர். அக்கவசம் 2015-ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. இருசக்கர வண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவதை அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் தேதி தொட்டுக் கண்டிப்பாய் நிறைவேற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டதும், மக்கள் கடைகளிலும் தெருவோரங்களிலும் திரண்டு கவசம் வாங்கியதும் பலர்க்கும் நினைவிருக்கும். அந்நாளில் வாங்கியவை இன்று பத்தாண்டு கடந்தனவாய் எத்தனையோ வீடுகளின் பரண்களில் உறங்குகின்றன.

“ஐயா, இதில் உடைவு ஒன்றும் இல்லை, முகக் கண்ணாடி மட்டும் சற்று மங்கியிருக்கின்றது. நல்ல பொருள் வீட்டில் இருக்கும்போது புதியதற்குப் பணம் செலவிடுவானேன் என்கிறார் தகப்பனார். இதையே அணியலாம் அல்லவா?” என்று அம்மாணாக்கர் வினவினார். ஆம் என்றோ அன்று என்றோ உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதையும், பின்னர் யாம் எவ்வாறு விடை கண்டோம் என்பதையும் முறையே கூறுவோம்.

கவசம் பிறந்த வரலாறு

பண்டைப் போர்வீரர் அணிந்த இரும்புக் கவசம் வாள்வெட்டையும் அம்பையும் தடுத்தற்கு ஏற்பட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோன் அணியும் கவசமோ வேறொரு பகையை எதிர்ப்பது. அப்பகை அவனுடைய வேகமேயாம்.

1935-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி, அரேபியா லாரன்ஸ் என உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் டார்செட் நாட்டுப்புறத்தே தம் மோட்டார் சைக்கிளில் வருங்கால், சைக்கிளில் சென்ற சிறுவர் இருவரை விலக முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையில் பட்ட காயத்தினால் மே 19-ஆம் தேதி உயிர் நீத்தார். அவருக்குச் சிகிச்சை செய்ய அழைக்கப்பட்டவருள் ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திர வைத்தியரும் ஒருவர். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களைக் கெயர்ன்ஸ் பின்னர் ஊன்றி ஆராய்ந்து, 1941-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலகப்போரின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்றோர் 2,279 பேர் சாலை விபத்தில் மாண்டனர் என்று அதில் எடுத்துக் காட்டினார். கவசம் அணிந்திருந்து விபத்துற்றவர் எழுவரையே அவரால் காண முடிந்தது, அவ்வெழுவரும் பிழைத்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே, கடமை நிமித்தம் மோட்டார் சைக்கிளில் செல்லும் படைவீரர் யாவரும் கவசம் அணிதல் வேண்டும் என்று பிரிட்டிஷ் இராணுவம் விதித்தது.

ஆயினும் அந்நாட் கவசத்தின் உள்ளே இற்றை நாட் கவசத்தின் உயிர்நிலையாகிய உறுப்பு இருந்ததில்லை. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாச் சர்வகலாசாலையைச் சார்ந்த லம்பார்டு, ராத் என்னும் இருவர், மேலோட்டிற்கு உட்புறத்தே நசுங்கத்தக்க படலம் ஒன்றை அமைக்கும் முறையைக் கண்டு 1953-இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். அடிபட்டவுடன் அப்படலம் நசுங்கும்; ஆனால் பந்து போல மீண்டு தலையைத் திருப்பித் தாக்காது. பின்னர் 1956-இல் பீட் ஸ்னெல் என்னும் கார்ப் பந்தய வீரர், அணிந்த கவசம் காவாமையால் தலையில் அடிபட்டு மாண்டனர். அவர் நண்பர்கள் 1957-இல் அவர் பெயரால் ஒரு நிலையம் நிறுவினர். கவசங்களை இடித்துச் சோதித்துத் தரம் காண்பது அந்நிலையத்தின் தொழில். காவாத கவசமும் உண்டு என்பதை உலகம் உணர்ந்தது இவ்வாறு.

கவசத்தின் உறுப்புகள்

நல்ல கவசம் ஒன்றைப் பிரித்து நோக்கின் நான்கு உறுப்புகள் காணப்படும். முதலாவது மேலோடு. இஃது ஏ. பி. எஸ்., பாலிகார்பனேட்டு முதலிய பிளாஸ்டிக்காலேனும் கண்ணாடி நாரினாலேனும் இயன்றது. கூரிய கல் ஊடுருவாமல் தடுப்பதும், ஓரிடத்தில் விழும் அடியை அகலப் பரப்புவதும், தார்ச்சாலையில் தலை தேயாமற் காப்பதும் இதன் தொழில்.

இரண்டாவது, மேலோட்டை ஒட்டி உள்ளே அமைந்த நுரைப்படலம். இதனை நாம் புதிதாய் அறிய வேண்டுவதில்லை. வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றைச் சுற்றி வைத்து அனுப்பும் தெர்மகோல் என்னும் பொருளே இதுவும். அதனினும் செறிவாய் வார்க்கப்பட்டது என்பதே வேற்றுமை. பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியால் பொரியச் செய்து அச்சில் ஒன்றாய் இறுக்கி இதனை ஆக்குவர். இதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் காற்றேயாம். மாணாக்கர் ஒரு தெர்மகோல் துண்டைக் கட்டைவிரலால் வலிந்து அழுத்திப் பார்க்க. விரலை எடுத்தபின்னும் குழி நிற்கும். ஸ்பஞ்சு ஒன்றை அவ்வாறே அழுத்தின் அது முன்போல் எழும்பிவிடும். இவ்வேற்றுமையை நன்கு மனத்திற் கொள்க. இக்கட்டுரையின் முழுப்பொருளும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

மூன்றாவது, தலையைத் தொட்டு நிற்கும் மெத்தை. இது துணியாலும் மெல்லிய ஸ்பஞ்சாலும் ஆயது. சுகத்தின்பொருட்டு வைத்தது என்பர். கவசம் தலையில் ஆடாமல் இருத்தலும் இதனாலேயே. நான்காவது, மோவாயின்கீழ்ப் பூட்டும் வார். முன்னைய மூன்றும் எத்துணைச் சிறந்தனவாயினும் வார் அறுந்தாற் பயனில்லை. தலை ஒருபுறமும் கவசம் ஒருபுறமுமாய் விழும்.

ஒரு சிறு கணக்கு

நுரைப்படலம் காக்கும் வகையைச் சிறு கணக்கினால் விளக்குவோம். வண்டியில் அமர்ந்தவனது தலை நிலத்திலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது என்று கொள்வோம். அவன் சாய்ந்து விழுங்கால், வண்டியின் முன்னோக்கிய வேகம் எதுவாயினும், அவ்வுயரத்திலிருந்து விழுதலாலேயே தலை நிலத்தை வினாடிக்கு 5.6 மீட்டர் வேகத்தில் மோதும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது இதுவே. நின்ற வண்டியிலிருந்து விழுவோனுக்கும் இது பொருந்தும்.

அவ்வேகம் முழுவதும் எத்துணைத் தூரத்திற்குள் அடங்குகின்றது என்பதே உயிர் நிலைக்கும் கேள்வி. வீழ்ந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால், தலை தாங்கும் வேகக்குறைவு புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்பது சராசரியாய்க் கிடைக்கும். வெறுந்தலை சிமெண்டுத் தரையில் மோதி 2 மில்லிமீட்டருக்குள் நிற்பின், 1,600-ஐ 2-ஆல் வகுக்க 800 மடங்கு ஆகும். அஃது உயிர்க்கு இறுதி. 30 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள நுரைப்படலம் 20 மில்லிமீட்டர் நசுங்கி இடங்கொடுப்பின், 1,600-ஐ 20-ஆல் வகுக்க 80 மடங்கே. ஐரோப்பிய நாடுகளிற் கையாளப்படும் ஐக்கிய நாடுகளின் 22-ஆம் ஒழுங்குமுறை, சோதனைக் கூடத்தில் கவசம் இடிபடுங்கால் உச்சவேகக்குறைவு 275 மடங்கிற்கு மேற்படலாகாது என வரையறுத்திருக்கின்றது. சராசரியினும் உச்சம் எப்போதும் மிக்கிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இதனால் தெளிவது யாது? கவசம் தலையைக் காப்பது தன் வலிமையாலன்று, தன் அழிவினால். நுரை நசுங்குவதற்குத் தந்த அந்த இரண்டு அங்குலத்திற்கும் குறைந்த இடமே ஓர் உயிரின் விலை. அவ்விடம் ஒருமுறை செலவாயின் மீண்டும் வாராது. ஒருமுறை காத்த கவசம், காத்த அவ்விடத்தில் தன் கடமையை முடித்துக்கொண்டது. அதன் மேலோடோ வளைந்து மீண்டு முன்போலவே பளபளக்கும். உடைந்த குடம் தன் உடைவை ஒழுகிக் காட்டும். செலவான கவசம் அங்ஙனம் எதனையும் காட்டாது.

மூப்பினால் விளைவன

இனி, யாதொரு விபத்தும் நேராது வெறுமனே கிடந்த கவசம் காலத்தால் கெடுமா என்பதை ஆராய்வோம். ஐந்தாண்டிற்கு ஒருமுறை கவசத்தை மாற்றுக என்று ஸ்னெல் நிலையம் கூறுகின்றது. கவசம் செய்வோர் பலரும் அதனை ஒட்டியே கூறுவர். இவ்விதியைக் கேட்டோர், ஐந்தாம் ஆண்டு நிறைந்த மறுநாளே கவசம் மண்ணாங்கட்டியாய்ப் போம் என எண்ணற்க. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், மக்கள் அணிந்து பழகிய சைக்கிள் தலைக்கவசங்கள் 600-க்கு மேற்பட்டவற்றைத் திரட்டி இடித்துச் சோதித்து, 2017-இல் தம் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 26 ஆண்டு வரை முதிர்ந்தனவும் இருந்தன. வயதினால் நேர்ந்த வேறுபாடு மிகச் சிறிதே எனக் கண்டனர். சைக்கிள் கவசத்திலும் மோட்டார் சைக்கிள் கவசத்திலும் நுரைப்படலம் ஒருவகைப் பொருளே ஆதலின், தெர்மகோல் நுரை காலத்தால் மட்டும் விரைந்து கெடுவதன்று என்று நாம் கொள்ளலாம்.

அங்ஙனமாயின் ஐந்தாண்டு விதி வீணோ எனின், அன்று. கவசம் நுரை மட்டுமன்று. நுரையை மேலோட்டோடு பிணைக்கும் பசை வெப்பத்தால் வறண்டு விடும். நம் வீட்டுப் பரண் கூரையை அடுத்திருப்பதால் கோடையில் அடுப்பைப் போலாகும். அவ்வெப்பம் நுரையை உருக்கப் போதாதாயினும் பசைக்கும் மெத்தைக்கும் பகையாம். மெத்தையிலுள்ள ஸ்பஞ்சு காற்றின் ஈரத்தால் இற்றுப் பொடியாய் உதிரும்; பழைய கவசத்தை அணிந்து எடுத்தால் தலைமயிரிற் கருந்துகள் ஒட்டியிருப்பதைப் பலர் கண்டிருப்பர். மெத்தை உதிர்ந்தால் கவசம் தளரும். தளர்ந்த கவசம் விழுங்காற் கழலும். வெயிலிலே நெடுநாட் கிடந்த மேலோடு நொறுங்குந் தன்மை அடையும். வாரைப் பற்றி நிற்கும் ஆணி துருப்பிடிக்கும். எலி வாரைக் கடிக்கும். எறும்பு நுரையைத் துளைத்துக் கூடு கட்டும். இவை நம் பரண்களின் இயல்பு.

இவற்றினும் கொடியது, நாமே அறியாது செய்யும் கேடு. தீயில்லாத வெளியிடத்தில், ஆசிரியர் முன்னிலையில், தெர்மகோல் துண்டு ஒன்றின்மீது ஒரு துளி பெட்ரோல் இட்டுக் காண்க. நுரை சுருங்கிக் குழியாய்ப் போம். பெட்ரோல், தின்னர் முதலியவற்றால் கவசத்தைத் துடைப்போரும், அவை நனைந்த துணியைக் கவசத்தினுள் திணித்து வைப்போரும், உட்புறத்தில் வர்ணம் தெளிப்போரும் அதன் உயிர்நிலையை உருக்குகின்றனர். கவசத்தை வண்டியின் கண்ணாடித் தண்டில் மாட்டித் தொங்கவிடுதலும் தீது. தண்டின் முனை நுரையில் அழுந்திக் குழி செய்யும். கவசத்தைச் சோப்பு நீராற் கழுவி நிழலில் உலர்த்துவதே முறை.

சோதிக்கும் முறை

பழைய கவசத்தைக் கையில் எடுத்தோர் கீழ்வரும் ஆறனையும் வரிசையாய்ச் செய்க.

1. வரலாற்றை வினவுக. யார் வாங்கியது, எப்போது, விழுந்ததுண்டா என்பவற்றைப் பயன்படுத்தியவரிடமே நேரிற் கேட்க. விடை கிடையாத கவசத்தை அடிபட்ட கவசமாகவே கொள்க. கைதவறிக் கீழே விழுதல் மட்டும் அத்துணைக் கேடன்று. உள்ளே தலையில்லாத கவசம் விழுங்கால் நுரையை நசுக்கும் பாரம் இல்லை. ஆயினும் பன்முறை விழுந்ததை நம்பலாகாது.

2. முத்திரையை நோக்குக. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ. எஸ். 4151 என்னும் எண்ணும் ஐ. எஸ். ஐ. முத்திரையும் இருத்தல் வேண்டும். முத்திரை பெறாத இருசக்கர வண்டிக் கவசங்களைச் செய்தலும் விற்றலும் 2021-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து சட்ட விரோதமாயின. அதற்கு முன் வாங்கியவற்றுள் முத்திரையில்லாதன பல. செய்த மாதமும் ஆண்டும் மெத்தையின் அடியிலேனும் வாரிலேனும் பெரும்பாலும் காணப்படும்.

3. மெத்தையை நீக்கி நுரையைத் தடவுக. விளக்கொளியில் நோக்கி, விரல்நுனியால் முழுவதும் தடவிப் பார்க்க. பள்ளம், வெடிப்பு, மேலோட்டினின்று விலகிய இடம், எறும்புத் துளை ஆகிய எதுவும் இருத்தலாகாது. நுரையே இல்லாத, வெறுந்துணி ஒட்டிய கவசமாயின் அது புதியதாயினும் பழையதாயினும் கவசமன்று, தொப்பியேயாம்.

4. மேலோட்டை நோக்குக. ஒட்டியுள்ள படத்தாள்களை உரித்துவிட்டு நோக்குதல் இன்றியமையாதது. மயிரிழை வெடிப்பும் விலக்கத்தக்கதே. இருபுறமும் கைவைத்து மெல்ல அழுத்துங்கால் நெரியும் ஓசை எழுமாயின் அதனை நம்பற்க.

5. வாரை இழுக்க. பூட்டி, இரு கைகளாலும் வலிந்து இழுத்துப் பார்க்க. பூட்டு நழுவினாலும், நூல் பிரிந்தாலும், ஆணி ஆடினாலும் அதனை விலக்குக.

6. அணிந்து பார்க்க. வாரைப் பூட்டியபின், ஒருவரைப் பின்விளிம்பைப் பற்றி மேலே தூக்கி முன்னோக்கிக் கவிழ்க்கச் சொல்லுக. கவசம் கழன்றால் அது உமக்கு உரியதன்று. தலையை அசைக்குங்கால் கவசமும் நெற்றித் தோலும் ஒருங்கே அசைதல் வேண்டும்.

யாம் கண்டது

மேற்கூறியவாறே அம்மாணாக்கரின் கவசத்தைச் சோதித்தோம். முத்திரை இருந்தது. வார் உறுதியாய் இருந்தது. மெத்தை சிறிது உதிர்ந்திருந்தது. நுரையைத் தடவி வருங்கால் வலப்புறக் காதுக்கு மேலே அவர் விரல் நின்றது. “இங்கே தாழ்ந்திருக்கின்றது, ஐயா,” என்றார். அதற்கு நேரே மேலோட்டின்மீது கிரிக்கெட்டு அணி ஒன்றின் படத்தாள் ஒட்டியிருந்தது. அதனை உரித்தோம். அதன்கீழ் உள்ளங்கை அகலத்திற்குத் தேய்வு காணப்பட்டது.

அன்று மாலையே அவர் தமையனாரோடு தொலைபேசியிற் பேசினார். 2017-ஆம் ஆண்டில் ஓரிரவு, வளைவிற் கிடந்த மணலில் வண்டி சறுக்கித் தாம் விழுந்ததாகவும், தலை சாலையோரக் கல்லில் மோதியதாகவும், எழுந்து பார்த்தபோது கையிற் சிராய்ப்பன்றி வேறு காயமில்லை என்றும், வீட்டார் அஞ்சுவர் என்று தேய்வின்மேற் படத்தை ஒட்டி மறைத்ததாகவும் தமையனார் சொன்னாராம். பின்னர் வேறு கவசம் வாங்கி அணிந்துகொண்டு, இதனைப் பரணிற் போட்டுவிட்டார். எட்டாண்டு கடந்து தம் தம்பி அதனை அணியக்கூடும் என்று அவர் எண்ணினாரில்லை. தந்தையாரும் இச்செய்தியை அப்போதே முதன்முறையாகக் கேட்டறிந்தார்.

தந்தையாரின் இசைவு பெற்று அக்கவசத்தை இரண்டாய் அறுத்தோம். வெர்னியர் அளவுகோலால் அளக்க, மற்றை இடங்களில் நுரை 30 மில்லிமீட்டர். அவ்விடத்தில் 19 மில்லிமீட்டர். நுரை 10 மில்லிமீட்டருக்கு மேல் ஒடுங்காது என வைத்துக்கொண்டால், முன்பு 20 மில்லிமீட்டர் இருந்த இடவசதி அங்கே 9 ஆகக் குறைந்துவிட்டது. அவ்விடத்தில் மீண்டும் ஓரடி படுமாயின், மேற்கூறிய கணக்கின்படி 80 மடங்கன்று, ஏறத்தாழ 178 மடங்கு, அதுவும் சராசரி. உச்சம் எத்துணையாகும் என்பதை மாணாக்கர் ஊகித்துக்கொள்க. அக்கவசம் 2017-இல் ஓர் உயிரைக் காத்தது. அதனினும் மிகுதியாய் அதனிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

அணிவதும் அளிப்பதும்

இனி முடிவைத் தொகுத்துரைப்போம். வாங்கியவர் தாமே பயன்படுத்தி, விபத்தின்றி, வெயிலும் எண்ணெயும் படாது வைத்திருந்து, மேற்சொன்ன ஆறு சோதனைக்கும் நின்ற கவசம் சில ஆண்டு பழையதாயினும் அணியத்தக்கதே. நாட்காட்டியை மட்டும் நோக்கி அதனை எறிதல் வேண்டா. பத்தாண்டு கடந்ததாயின், நுரை கெட்டது என்று அறிந்தமையாலன்று, பசையும் வாரும் உள்ளே எந்நிலையில் உள்ளன என்பதைக் கண்ணாற் காண இயலாமையால் அதனை மாற்றுக. அடிபட்டது என்று அறிந்த கவசமும், வரலாறு அறியாத கவசமும் எத்துணைப் புதியவையாய்த் தோன்றினும் விலக்கத்தக்கனவே. வயது ஐயத்திற்குக் காரணம், அடியோ தீர்ப்பு.

இதனைக் கேட்டு, கவசம் பழையதாயிற்று, ஆதலின் இன்று வெறுந்தலையோடு செல்வேன் என்று ஒருவர் புறப்படுவாராயின், யாம் சொன்ன பொருளைத் தலைகீழாய்க் கொண்டவராவர். கவசம் அணிதலால் மரண அபாயம் நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காய அபாயம் 69 பங்கும் குறைகின்றன என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் ஆய்வு 2008-இல் கண்டது. புதியது வாங்கும் வரை பழையதையேனும் பூட்டிக்கொள்க. வாங்குதலை மட்டும் நாளைக்கு ஒத்திவையாதிருக்க.

மற்றொன்று சொல்லுதல் எம் கடமை. நம் வீடுகளிற் புதுக் கவசம் வாங்கினால் அஃது ஓட்டுவோன் தலைக்குப் போகும். பழையது பின்னிருக்கையில் அமரும் தாய்க்கோ தங்கைக்கோ நண்பனுக்கோ வந்து சேரும். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தலைக்கவசம் அணியாது சாலை விபத்தில் மாண்டோர் 50,029 பேர் என்றும், அவருள் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தோர் என்றும் மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கு வெளியிட்டது. கீழே விழுங்கால் நிலம் ஓட்டுவோன் இவன், உடன்வந்தோன் இவன் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. உம்மை நம்பிப் பின்னே அமர்ந்தவருக்கு, நீர் அணிய அஞ்சும் கவசத்தைக் கொடாதிருக்க.

ஈகைக்கும் இதுவே விதி. கிறிஸ்துமஸ் காலத்தில் நம் கல்லூரியில் பழைய ஆடைகளும் புத்தகங்களும் திரட்டி எளியவர்க்கு வழங்குவது வழக்கம். அவற்றோடு பழைய தலைக்கவசங்களும் வருவதுண்டு. பழைய சட்டை குளிரை ஓரளவேனும் தடுக்கும். பழைய புத்தகம் புதியதைப் போலவே கற்பிக்கும். செலவான கவசமோ காப்பதாகப் பொய் சொல்லும். நம்மிடம் விலகிய ஆபத்தை ஏழை ஒருவன் தலையில் ஏற்றுவது தர்மம் ஆகாது. ஆதலின், விலக்கிய கவசத்தின் வார்களைக் கத்தரித்து, மேலோட்டின்மீது ‘அடிபட்டது’ என்று பெரிதாய் எழுதிய பின்னரே குப்பையிற் சேர்க்க. எடுத்து அணிவோர் ஏமாறாதிருப்பர்.

அம்மாணாக்கருக்கு அவர் தமையனார் தம் சம்பளத்தினின்று புதிய கவசம் ஒன்று வாங்கி அனுப்பினார். பழைய கவசத்தின் இரு பாதிகளும் எம் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கின்றன. விரும்பும் மாணாக்கர் வந்து, நுரை தாழ்ந்த இடத்தைத் தம் விரலால் தடவிப் பார்க்கலாம். பின்னர் வீடு சென்று, தம் பரணிலும் கைவைத்துப் பார்ப்பாராக.